எதிர்வீட்டுத் தூரம்

பள்ளிக்கரணைச் சதுப்பைப் பார்த்தபடி நின்ற மகிழம் அடுக்ககத்தில், தளத்துக்கு இரண்டு வீடுகளாக எதிரெதிரே வைத்துக் கட்டிய அந்த நாலு மாடிக் கட்டடத்தில், ஒரு வீட்டு வாசலுக்கும் எதிர்வீட்டு வாசலுக்கும் நடுவே இருந்த தூரம் ஆடி மாதத்தில் வளரத் தொடங்கியது. வளர்வது முதலில் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் கதவைத் திறந்ததும் பூட்டைப் பார்ப்பது, பூட்டியதும் லிஃப்டைப் பார்ப்பது, லிஃப்டுக்குள் கைபேசியைப் பார்ப்பது என்றே அங்கே இருந்தவர்கள் பழகியிருந்தார்கள். எதிர்வீட்டைப் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கும் இல்லை.

நாலாவது மாடியில் இருந்த அமலோற்பவத்துக்குத்தான் அது முதலில் தட்டுப்பட்டது, அதுவும் கண்ணில் இல்லை, காதில். அவள் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தாள். காலையில் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், கதவைத் திறக்கிறவர்களின் கையைப் பிடித்து, நரம்பைத் தட்டிப் பார்த்து, ஊசியைச் செருகி, பஞ்சை வைத்து மடக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து ஒரு சத்தம் வரும். வாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு ஆணின் குரல், "ஏ... ஏ..." என்று, கூப்பிடுவதா அழுவதா என்று பிரிக்க முடியாத ஒரே இழுப்பு. அதற்குப் பதிலாக ஒரு பெண்ணின் குரல், "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று. இந்த இரண்டு குரல்களும் நாளாக நாளாக மெலிந்துகொண்டே வந்து, ஒருநாள் பக்கத்துத் தெருவில் பேசுவதுபோல் ஆகி, பிறகு அடுத்த ஊரில் பேசுவதுபோல் ஆகி, ஆவணி முடிவதற்குள் கேட்காமலே போய்விட்டன. அன்றைக்குத்தான் அமலோற்பவம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கதவு சுவரில் மாட்டும் தினக் காலண்டர் அளவுக்கு, நீண்ட நடைகூடத்தின் கடைசியில், தன்பாட்டுக்கு மூடிக்கிடந்தது.

அவள் பயப்படவில்லை. தூரம் அவளுக்குப் புதிதல்ல. தெற்கே கடலோர மணப்பாட்டில் அவள் வாழ்ந்த காலத்தில், கப்பல் வேலைக்குப் போன புருஷன் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. செத்தானா, வேறு குடும்பம் கட்டினானா என்று கப்பல் கம்பெனிக்கும் தெரியவில்லை. அதன்பிறகு ஊர் கேட்கத் தொடங்கியது. மீன் வாங்கப் போனால் மீன்காரி கேட்டாள், பூசை முடிந்து வெளியே வந்தால் படியிலேயே நாலு பேர் கேட்டார்கள், குழாயடியில் கேட்டார்கள், கல்யாண வீட்டில் பந்தியில் குனிந்து சோறு போடுகிறவன்கூட "தகவல் ஏதும் உண்டாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த இலைக்குப் போனான். எல்லாரும் அன்பாகத்தான் கேட்டார்கள். அந்த அன்பைத் தாங்க முடியாமல்தான் அவள் சென்னைக்கு ரயிலேறினாள். வந்த முதல் மாதம் முழுக்க ஒருவர்கூட அவளை எதுவும் கேட்கவில்லை. வெயிலில் நடந்து வந்தவள் தலையில் பானைத் தண்ணீரைக் கவிழ்த்தது மாதிரி இருந்தது அது. நெற்றியில் என்ன வைத்திருக்கிறாள், கழுத்தில் என்ன போட்டிருக்கிறாள், தனியாக ஏன் இருக்கிறாள் என்று எவரும் பார்க்காத அந்தப் பேரூரின் கூட்டத்தில், மின்சார ரயிலில் இரண்டு பெண்களுக்கு நடுவே நசுங்கி நின்றுகொண்டு, காரணமில்லாமல் அவள் சிரித்திருக்கிறாள்.

அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

புரட்டாசிக்குள் எல்லாத் தளங்களிலும் தூரம் தெரிந்துவிட்டது. வெளியே ரோட்டில் நின்று பார்த்தால் கட்டடம் அதே கட்டடம்தான், ஒரு செங்கல் கூடவில்லை. உள்ளேதான் நடைகூடம் போய்க்கொண்டே இருந்தது. வளர வளர அது தனக்கு வேண்டியதைத் தானே போட்டுக்கொண்டது: அதே சாம்பல் நிற டைல்ஸ், அதே மூலை உடைந்த டைல்ஸ், அதே மினுக்கும் டியூப் லைட். பொறியாளர்கள் வந்து அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தார்கள், நாடா தீர்ந்ததும் போய்விட்டார்கள். சங்கத்துச் செயலாளர் தணிகைவேல் மொட்டை மாடியில் கூட்டம் போட்டார். அவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எந்த அதிசயத்தையும் விதிக்குள் கொண்டுவந்துவிட்டால் அது அடங்கிவிடும் என்று நம்புகிறவர்.

"நடைகூடம் பொது இடம். வளர்ந்தாலும் பொது இடம்தான்," என்றார். "யாரும் செருப்பு ஸ்டாண்ட் வைக்கக் கூடாது. இத்தனை டியூப் லைட்டுக்கும் கரண்ட் பில் யார் கட்டறதுங்கறதுதான் இப்பப் பிரச்சினை."

முதல் மாடிக் கற்பகவல்லிக்கு அது பிரச்சினையாகவே படவில்லை. அவளுடைய மாமியாரும் மாமனாரும் எதிர்வீட்டில்தான் இருந்தார்கள். "சார், நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இப்பதான் சார் நிம்மதியா குழம்பு வைக்கறேன். உப்பு ஜாஸ்தின்னு சொல்ல அவங்க கிளம்பி வர்றதுக்குள்ள நாங்க சாப்ட்டு முடிச்சுடறோம்," என்றாள். கூட்டம் சிரித்தது, அவள் கணவன் மட்டும் வானத்தைப் பார்த்தான்.

"ஊர்ல தும்மினா மூணு வீட்டுக்குக் கேக்கும். கேக்கக் கூடாதுன்னுதானே இங்க வந்தோம்?" என்றார் ஒருவர்.

"தும்மினா கேக்க வேணாங்க. விழுந்தா கேக்கணுமில்ல?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"விழுந்தா ஆம்புலன்ஸ் இருக்கு. எட்டு நிமிஷத்துல வருது. எங்க ஊர்ல எட்டு மணி நேரம் ஆகும்."

"ஆம்புலன்ஸ்ல வர்றவன் மடியில தலையை வச்சுப்பானா?"

"ஆஸ்பத்திரி இருக்கு, காலேஜ் இருக்கு, ராத்திரி பசிச்சா பிரியாணி வருது. மடியும் வேணும்னா எப்படி?"

பேச்சு இப்படியே இருட்டும்வரை போனது. மாநகரத்தில் வாழ்வது நல்லதா கெட்டதா என்பது முடிவாகாமல், இரும்புப் படி ஒன்று கட்டுவது என்பது மட்டும் முடிவாயிற்று. ஏனென்றால் லிஃப்டும் மாடிப்படியும் அமலோற்பவத்தின் வீடு இருந்த ஏ பக்கத்தில் இருந்தன. எதிரே பி பக்கத்து வீட்டுக்காரர்கள் பால் வாங்க இறங்குவதற்கே பொழுது போய்விடும். அவர்களுடைய பின்பால்கனிகளைத் தொட்டுக்கொண்டு சுழன்று இறங்கும் ஒரு குறுகலான இரும்புப் படியைக் கட்டடத்தின் பின்புறம் பொருத்தினார்கள். அன்றிலிருந்து மகிழம் இரண்டு கட்டடங்களானது. ஏ பக்கத்துக்காரர்கள் முன்கேட் வழியாகவும் பி பக்கத்துக்காரர்கள் பின்கேட் வழியாகவும் போனார்கள், வந்தார்கள்.

மனிதர்கள் எதற்கும் பழகிக்கொள்கிறவர்கள். இரண்டாவது மாடி நடைகூடத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள், பந்து எல்லைக்கோட்டைத் தொடவே இல்லை. மூன்றாவது மாடியில் சர்க்கரை நோய்க்காரர்கள் காலையில் வேகநடை போனார்கள். முதல் மாடியில் வடகம் காய்ந்தது, எங்கிருந்து வெயில் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஐப்பசி மழையில் சதுப்பு நிறைந்தபோது கூழைக்கடாக்கள் சில உள்ளே வந்து, டியூப் லைட்டுக்கு அடியில் அலகைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. அவற்றுக்கும் மாதச் சந்தா உண்டா என்று தணிகைவேலைக் கேலி செய்தார்கள். வீடு விற்கிறவர்கள் விளம்பரத்தில் "விசாலமான நடைகூடம்" என்று எழுதினார்கள், அது பொய்யும் இல்லை.

நாலாவது மாடியில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. அங்கே இருந்ததே மூன்று பேர், இந்தக் கடைசியில் ஒரு பெண், அந்தக் கடைசியில் ஒரு பெண்ணும் படுக்கையில் ஒரு மனிதரும். எதிர்க்கதவு தீப்பெட்டி அளவாகி, அரிசி அளவாகி, ஒருநாள் வெறும் டியூப் லைட்டுகளின் வரிசை மட்டும் ஆனது. சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அந்த வீட்டு எண் இருந்தது. கூப்பிட்டால் எடுப்பார்கள். எடுத்தால் என்ன சொல்வது? அமலோற்பவம் பலமுறை அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மூடி வைத்தாள். அவள் நாளெல்லாம் பேசுகிற வாக்கியங்கள் மூன்றுதான்: வெறும் வயிறா, கையை மடக்குங்க, ரிப்போர்ட் சாயங்காலம் வரும். மற்ற வாக்கியங்கள் எங்கோ கட்டிலுக்கடியில் வைத்த பெட்டிபோல் இருந்தன, திறந்து நாளாகிவிட்டது.

மார்கழியில் ஒரு காலை, வேலை முடிந்து பின்தெரு வழியாக வந்துகொண்டிருந்தவள், இரும்புப் படியில் ஆட்கள் சத்தம் போடுவதைக் கேட்டு நின்றாள். மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இறங்கியது. அதில் ஒருவரை வேட்டியால் சுற்றி, கயிற்றால் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். தலை ஒரு பக்கம் தொங்கியது. படி குறுகல், ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் நாற்காலியைத் தூக்கிச் சாய்க்க வேண்டியிருந்தது, சாய்க்கும்போதெல்லாம் அந்தக் கால்கள் கம்பியில் இடித்தன. "மெல்ல, மெல்ல" என்று ஒரு பெண் பின்னாலேயே இறங்கி வந்தாள். வலிக்கும் என்பதுபோல் அவள் அந்தக் கால்களைக் கையால் மறைத்து மறைத்துப் பிடித்தாள். தெருவில் காத்திருந்த வண்டியில் ஏற்றினார்கள். ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள்.

ஐஸ் பெட்டியோடு அமலோற்பவம் எதிர்ப்புறம் நின்றாள். ரோட்டைக் கடந்து போகலாமா, போனால் யார் என்று சொல்வது, எதிர்வீடு என்றால் நம்புவார்களா, இவ்வளவு நாளாக எங்கே இருந்தாய் என்று யாராவது கேட்டால்? அவள் யோசித்து முடிப்பதற்குள் வண்டி போய்விட்டது.

அன்றைக்கு மத்தியானம் குழுவில் தணிகைவேல் எழுதியிருந்தார்: நாலாவது மாடி பி வீட்டு ஏகாம்பரம், மாநகரப் பேருந்து ஓட்டுநர், ஓய்வு, இயற்கை எய்தினார். மனைவி சம்பங்கி அவர்களுக்கு ஆழ்ந்த இரங்கல். கீழே கும்பிடும் கைகள் ஒவ்வொன்றாக வந்து வரிசை கட்டின. அமலோற்பவமும் ஒரு ஜோடிக் கையைப் போட்டாள். போட்ட பிறகுதான் அந்தப் பெயர்களை அவள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். ஏகாம்பரம். சம்பங்கி. இத்தனை வருஷமும் அந்தக் குரல்களுக்குப் பெயர் இருந்திருக்கிறது.

அந்தக் கைகள் அவளைத் தூங்க விடவில்லை. ஊர் கேட்டுக் கேட்டு அவளை விரட்டியது உண்மைதான். ஆனால் புருஷன் கப்பலுக்குத் திரும்பவில்லை என்ற செய்தி வந்த அன்றைக்கு அந்த மீன்காரி கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல், இவள் காலடியில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்ததும் உண்மைதான். அவளுடைய மீன் முழுக்க அன்று கெட்டுப்போனது. இந்த இரண்டு உண்மைகளையும் ஒரே கையில் எப்படிப் பிடிப்பது என்று அமலோற்பவத்துக்குத் தெரியவில்லை. மறுவாரம் லேபில் லீவு சொன்னாள்.

லிஃப்டருகே தணிகைவேல் பார்த்துவிட்டார். "எங்க சிஸ்டர், பையும் தண்ணியுமா?"

"எதுத்த வீட்டுக்கு."

"அட, பின்பக்கம் போயி இரும்புப் படியில ஏறினா அஞ்சு நிமிஷம்."

"துக்கம் கேக்கப் போறவ பின்பக்கமாவா சார் ஏறிப் போவா? வாசல் வழியாத்தான் போவணும்."

அதற்கு விதி எதுவும் இல்லாததால் அவர் லிஃப்டில் ஏறிக்கொண்டார்.

காலையில் நடக்கத் தொடங்கினாள். டியூப் லைட்டுகள் தலைக்கு மேல் ஒன்றொன்றாகக் கடந்தன. தன் வீட்டுக் கதவு சின்னதாகிக்கொண்டே போய் மறைந்தபோது ஒருமுறை நின்று பார்த்தாள், அதன்பிறகு திரும்பவில்லை. ஓரிடத்தில் கூரைக்கு அடியிலேயே மழை தூறியது, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கடந்தாள். ஓரிடத்தில் காற்று உப்பாக இருந்தது. ஓரிடத்தில் ஒரு கூழைக்கடா தனியாக நின்றது, அவளைப் பார்த்து நகர்ந்து வழிவிட்டது. பசித்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பன்னைத் தின்றாள். அந்தச் சுவரில் காதை வைத்தபோது, உள்ளே எங்கோ நகரம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது: பிரேக் பிடிக்கும் பேருந்து, குக்கர் விசில், யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவது. இவ்வளவு சத்தத்துக்கு நடுவே இவ்வளவு ஆளில்லாத இடம் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. நடக்க நடக்க, போய்ச் சேர்ந்ததும் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் அது வெறும் வயிறா என்பதில் போய் முடிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் கதவு தெரிந்தது. மாவிலை காய்ந்து நூலில் தொங்கியது. அழைப்பு மணியில் தூசி படிந்திருந்தது. அவள் அழுத்தியபோது அது முதலில் இருமி, பிறகு அடித்தது.

வெகுநேரம் கழித்து உள்கதவு மட்டும் திறந்தது. இரும்பு கேட்டுக்கு அந்தப்பக்கம் சம்பங்கி நின்றாள். வெறும் நெற்றி. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"யாரு? இன்னா வேணும்?"

"எதுத்த வீடு."

"எதுத்த வீடா?" சம்பங்கி இவள் தோளுக்குப் பின்னால், லைட் வரிசை போய் மறையும் இடத்தைப் பார்த்தாள். "அங்கேர்ந்தா வர்றீங்கோ? இன்னா விஷயம்?"

"விஷயம் ஒண்ணும் இல்லக்கா. சும்மாதான்."

"சும்மாவா? இம்மாந்தூரமா?"

அமலோற்பவம் பையைக் கீழே வைத்தாள். "அன்னைக்குக் கீழ நின்னு பாத்தேன். கிட்ட வரல. வந்திருக்கணும்."

சம்பங்கி கேட்டைத் திறக்கவும் இல்லை, உள்கதவை மூடவும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவள் தோள் குலுங்கியது. "முப்பது வருஷம் பஸ் ஓட்டினாரு. இந்த ஊரையே ஏத்தி இறக்கினாரு. அவர வாசல் வழியா எடுக்க முடியலியே எனக்கு. மூட்டையாட்டம் கட்டி, கொல்லப்பக்கமா..." அமலோற்பவம் கம்பிக்குள் கையை விட்டாள். ஊசியில்லாமல், பஞ்சில்லாமல், வெறுங்கையால் அவள் ஒருவர் கையைப் பிடித்து வெகுகாலமாகியிருந்தது, எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்பதுகூட மறந்திருந்தது. சம்பங்கி அழுது முடித்த பிறகுதான் கேட் திறந்தது.

உள்ளே படம், விளக்கு, மடித்து வைத்த ரப்பர் ஷீட். சம்பங்கி ரசமும் அப்பளமும் வைத்தாள். வெளியூரில் இருக்கும் தங்கை அங்கே வந்துவிடச் சொல்வதாகவும் தான் போகப்போவதில்லை என்றும் சொன்னாள். "நான் பெரம்பூர்ல பொறந்தவ. எனக்கு இந்த ஊரைத் தவிர ஊரு ஏது? தங்கச்சி வூட்டுக்குப் போனா காலைல எழுந்தா ஏன் எழுந்தேம்பா, படுத்தா ஏன் படுத்தேம்பா. பதினோரு வருஷமா கூப்ட்ட குரலுக்கு ஓடினவ நானு. இப்ப யாரும் கூப்பிடல. நல்லாத்தான் கீது." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "நல்லாத்தான் கீது. ஆனா விடிகாலைல தன்னால எழுந்து, வந்துட்டேன்னு சொல்லிடறேன்."

"எனக்குக் கேட்டிருக்கு," என்றாள் அமலோற்பவம். "நீங்க அப்படிச் சொல்லுதது. தூரம் வளருறதுக்கு முந்தி. தினமும் அதக் கேட்டுட்டுத்தான் வேலைக்குப் போவேன்."

சம்பங்கி நிமிர்ந்து பார்த்தாள். தன் குரல் ஒருவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது என்பது அவளுக்குப் புதுச் செய்தி. "சோறு போட்டுக்கோங்கோ," என்று மட்டும் சொன்னாள்.

அன்று இரவு அமலோற்பவம் அங்கேயே படுத்தாள். காலையில் காபி குடித்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, ஆகவே பேசாமல் வாசலுக்கு நடந்தாள். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, பக்கத்தில் இன்னொரு ஜோடிச் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

"துக்க வீட்டுலேருந்து வழியனுப்பக் கூடாதும்பாங்களே அக்கா."

"யாரு வழியனுப்பறது? வாசல் வழியா வெளிய போயி எவ்ளோ நாளாச்சி. பாதி தூரம் வர்றேன், காத்தாட." சம்பங்கி கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இரண்டு பேரும் நடந்தார்கள். சம்பங்கி, ஏகாம்பரம் ஓட்டிய பேருந்துத் தடத்தின் நிறுத்தங்களை வரிசையாகச் சொன்னாள், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு கதை இருந்தது. அமலோற்பவம் கப்பலைப் பற்றிச் சொன்னாள். சம்பங்கி அதற்கு, தகவல் ஏதும் வந்ததா என்று கேட்கவில்லை, "அவுருக்கு இன்னா கொழம்பு புடிக்கும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. அமலோற்பவம் யோசித்து, சாளைமீன் குழம்பு, மாங்காய் போட்டது, என்றாள். சொன்னதும் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

உப்புக்காற்று அடித்த இடம் வந்து போனது. தூறல் விழும் இடம் வந்தது. ஒரே முந்தானைக்குள் இருவர் தலையும் நுழைந்து கடந்தார்கள். பின்னால் சம்பங்கியின் கதவு மறைந்துவிட்டது, முன்னால் அமலோற்பவத்தின் கதவு இன்னும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி டியூப் லைட்டுகள்.

அமலோற்பவம் நின்றாள். "பாதி வந்துட்டோம்னு நெனைக்கேன் அக்கா."

சம்பங்கி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். அவர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே காலடியில் தரை மெல்ல நீண்டுகொண்டிருந்தது, உள்ளங்காலில் லேசாகக் கூசியது.

"இல்ல," என்றாள் சம்பங்கி. "இன்னும் கொஞ்சம் கீது."

நடந்தார்கள்.